செருகும் கார்டை நம்பாதீர்கள்: ஸ்மார்ட் கார்டு மென்பொருளில் ஓட்டை தேடும் முறை

ஸ்மார்ட் கார்டு பாதுகாப்பு என்றதும் பேச்சு சிப்பைச் சுற்றியே போகும். சிப்புக்குச் சான்று இருக்கிறதா, சாவியை வெளியே உருவ முடியுமா என்று கேட்பார்கள். அந்தச் சிப்பிடம் பேசுகிற கணினி நிரலை யாரும் கேள்வி கேட்பதில்லை. கோலாலம்பூரில் கிளினிக் முகப்பில் மைகாட் என்ற மலேசிய அடையாள அட்டையை வாசிக்கும் நிரல், கொண்டோ வாசலில் கதவு திறக்கும் அமைப்பு, தனியார் கல்லூரியின் வருகைப் பதிவு, அலுவலகத்தில் கார்டு செருகி விண்டோஸுக்குள் நுழையும் வசதி என்று எல்லா இடத்திலும் அந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பது நல்ல கார்டு, கேட்டதற்கு முறையாகப் பதில் சொல்லும் என்ற நம்பிக்கையில்தான் அது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். சோதனையை அந்த நம்பிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். நிரலைப் பொறுத்தவரை கார்டு என்பது முன்பின் தெரியாத ஆள் நீட்டும் கோப்பு. அவ்வளவுதான்.

இது வெறும் அச்சம் இல்லை என்பதற்குப் பழைய பதிவுகளே சாட்சி. 2010 டிசம்பரில் மூன்று ஓட்டைகள் ஒன்றாக வெளிவந்தன. கார்டு வாசிக்கும் திறந்த மூல மென்பொருளான ஓப்பன்எஸ்சியில், கார்டின் வரிசை எண் எதிர்பார்த்ததைவிட நீளமாக வந்தால் பஃபர், அதாவது தரவுக்கு ஒதுக்கிய நினைவக இடம், வழிந்தது (ஓட்டைகளுக்குத் தரும் பொதுப் பதிவு எண்: சிவிஇ-2010-4523). யுஎஸ்பி ரீடர்களை இயக்கும் சிசிஐடி டிரைவரில், வரிசை எண்ணை வைத்தே ஒரு நீளத்தை எதிர்ம எண்ணாக மாற்றி நினைவக நகலெடுப்பைக் குழப்ப முடிந்தது (சிவிஇ-2010-4530). ரீடருக்கும் நிரலுக்கும் நடுவே நிற்கும் பிசிஎஸ்சி-லைட்டில், கார்டு முதன்முதலில் அனுப்பும் ஏடிஆர் செய்தியைப் பிரிக்கும் இடத்திலேயே கோளாறு (சிவிஇ-2010-4531). எட்டு ஆண்டு கழித்து, 2018-ல், எக்ஸ்41 டி-செக் நிறுவனத்தின் எரிக் செஸ்டர்ஹென் போலிக் கார்டு ஒன்றை மென்பொருளில் செய்து அதே மாதிரியான பிழைகளை ஓப்பன்எஸ்சியில் கொத்தாகக் கண்டெடுத்தார். யுபிகோவின் பிஐவி (ஓர் அடையாளக் கார்டுத் தரம்) கருவியும் ஆப்பிளின் ஸ்மார்ட் கார்டு சர்வீசஸும் அந்த வலையில் சிக்கின. ஓப்பன்எஸ்சி 0.19.0 பதிப்பு அவற்றைத் திருத்தியது. 2024-ல் வந்த 0.26.0 பதிப்பிலும் கார்டு தரும் தவறான பதிலால் வரும் நினைவகப் பிழைகளுக்குத் திருத்தம் இருக்கிறது. பல கண்கள் பார்க்கும் திறந்த மூல நிரலுக்கே இந்தக் கதி என்றால், ஒரே ஒருவர் எழுதி, ரீடரோடு சேர்த்து விற்ற டிஎல்எல் (விண்டோஸ் துணை நிரல்) கோப்பின் நிலை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஆபத்து கூடுவது நேரத்தால். கார்டு செருகி லாகின் செய்யும் கணினியில், கார்டைப் பிரித்துப் படிக்கும் நிரல் பயனர் யார் என்று தெரிவதற்கு முன்பே, உயர்ந்த உரிமையோடு ஓடுகிறது. பூட்டிய திரைக்கு முன்னால் நின்று ஒரு கார்டைச் செருகினாலே தாக்குபவரின் பைட்டுகள் உள்ளே போய்விடும். பின் எண் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

உங்கள் நிறுவனத்தின் நிரல், எழுத்தில் ஒப்புதல் உள்ள கருவி, நீங்களே வாங்கிய வெற்றுக் கார்டு ஆகியவை போதும். மலேசியாவின் கணினிக் குற்றச் சட்டம் 1997, பிரிவு 3-ன்படி அனுமதியின்றி நுழைந்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ‘சும்மா பார்த்தேன்’ என்பது அங்கே பதில் ஆகாது. மைகாட், டச் என் கோ, வங்கிக் கார்டு ஆகியவற்றைச் சோதனைப் பொருளாக எடுக்காதீர்கள், அது உங்கள் சொந்தக் கார்டாகவே இருந்தாலும். கீழே சொல்லும் முறைக்கு அவை தேவையும் இல்லை. இன்னொன்று: சைபர் பாதுகாப்புச் சட்டம் 2024, அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கிறது. பிறருக்குக் காசு வாங்கிக்கொண்டு ஊடுருவல் சோதனை செய்வது உரிமம் வேண்டிய தொழில். உங்கள் வாடிக்கையாளர் ‘நீங்களே ஒரு பார்வை பார்த்துவிடுங்களேன்’ என்று கேட்டால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

மேசையில் என்ன வேண்டும்

உபுண்டு அல்லது டெபியன் ஓடும் பழைய மடிக்கணினி ஒன்று. செருகி வாசிக்கும் கார்டுக்கு ஏசிஆர்39யு போன்ற ரீடர், தொடாமல் வாசிக்க ஏசிஆர்122யு. இரண்டும் ஷாப்பியிலும் லசாடாவிலும் கிடைப்பவை. லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் மாடி மாடியாக ஏறி இறங்க வேண்டாம். மென்பொருளில் பிசிஎஸ்சிடி (பிசிஎஸ்சி-லைட்டின் பின்னணிச் சேவை), பிசிஎஸ்சி-டூல்ஸ், ஓப்பன்எஸ்சி, விஸ்மார்ட்கார்டு ஆகிய நான்கு பொதிகள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ரீடரைச் செருகி, பிசிஎஸ்சி ஸ்கேன் கருவியை ஓட்டுங்கள். ஏடிஆர் வரி தெரிந்தால் தடம் சரி. தெரியாவிட்டால் இரண்டு வழக்கமான காரணங்கள் உண்டு. ஏசிஆர்122யு-வை லினக்ஸ் கெர்னலின் பிஎன்533 தொகுதி முந்திக்கொண்டு பிடித்திருக்கும். அதைத் தடைப்பட்டியலில் போட்டு ரீடரைக் கழற்றி மாட்டுங்கள். அல்லது எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வந்திருப்பீர்கள். தொலைவிலிருந்து வரும் பயனருக்கு, லினக்ஸில் அனுமதிகளைக் கவனிக்கும் போல்கிட்டின் விதி இடம் தராது. அந்த விதியைத் தளர்த்தாதீர்கள். மேசைக்குப் போய் உட்காருங்கள். அதுவும் ஒரு பாதுகாப்புதான்.

முதலில் நிரலைப் படியுங்கள்: நீளங்கள்

கருவிகளை ஓட விடுவதற்கு முன், கார்டிலிருந்து பைட் வரும் ஒவ்வோர் இடத்தையும் நிரலில் குறியுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் கார்டுக்குக் கட்டளை அனுப்பும் எஸ்கார்டு-டிரான்ஸ்மிட் அழைப்பைத் தேடினாலே பெரும்பாலானவை அகப்படும். ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வி: இந்த நீளத்தைத் தீர்மானிப்பது நானா, கார்டா?

மனத்தில் வைக்க வேண்டிய எண்கள் சில. ஏடிஆர் அதிகபட்சம் 33 பைட். கணினியும் கார்டும் பரிமாறும் கட்டளை-பதில் செய்திக்கு ஏபிடியு என்று பெயர். குறுகிய ஏபிடியு-வில் பதில் தரவு 256 பைட் வரை வரலாம். அதன் பின்னே 2 பைட் நிலைக்குறி. ஆக மொத்தம் 258. பஃபரை 256 என்று அறிவித்த நிரல்கள் ஏராளம். சாதாரணக் கார்டுகள் முழுப் பதிலை அரிதாகவே அனுப்புவதால் அந்த இரண்டு பைட் வழிசல் பல ஆண்டு கண்ணில் படாமலே இருக்கும். நீட்டிய ஏபிடியு என்றால் தரவு 65,536 பைட் வரை போகும். தொடாக் கார்டின் அடையாள எண்ணான யுஐடி 4, 7 அல்லது 10 பைட்.

அடிக்கடி காணும் ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிலைக்குறியைப் படிக்க, பதிலின் நீளத்திலிருந்து 2 கழித்து அந்த இடத்தைப் பார்ப்பார்கள். கார்டு 1 பைட் மட்டும் அனுப்பினால்? குறியில்லா எண்ணில் 1-லிருந்து 2 கழித்தால் வருவது மாபெரும் எண். அடுத்த வரியில் அந்த எண்ணுக்கு நகலெடுப்பு. நிரல் விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால்தான் கவலை. ‘நீளம் 2-க்குக் குறைவா’ என்ற ஒற்றை வரி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும்.

அடுத்து டிஎல்வி. குறிச்சொல், நீளம், மதிப்பு என்று வரும் அமைப்பில் நீள பைட் 127 வரை இருந்தால் அதுவே நீளம். பதினாறடிமான எண்ணில் 81 என்றால் அடுத்த 1 பைட், 82 என்றால் அடுத்த 2 பைட், 84 என்றால் அடுத்த 4 பைட் நீளத்தைச் சொல்லும். இங்கே மூன்று தவறுகள் நடக்கின்றன. ஒன்று, நீள பைட்டுகளைப் படிக்கும் முன் அத்தனை பைட் மிச்சம் இருக்கிறதா என்று பாராமை. இரண்டு, ‘தொடக்கம் கூட்டல் நீளம், முடிவைவிடச் சிறிதா’ என்று ஒப்பிடுவது. 4 பைட் நீளத்தில் அந்தக் கூட்டலே சுற்றி வந்து சிறிய எண்ணாகிவிடும். ‘நீளம், மிச்சத்தைத் தாண்டுகிறதா’ என்று கழித்து ஒப்பிடுங்கள். மூன்று, குறிக்குள் குறி வரும்போது தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறுக்கு ஆழ வரம்பு இல்லாமை. ஓப்பன்எஸ்சியின் ஐஏஎஸ்-இசிசி டிரைவரில் 2018-ல் முடிவில்லாமல் தன்னையே அழைத்துக்கொண்ட பிழை (சிவிஇ-2018-16426) இந்த இனம்தான். உண்மையான கார்டுகளுக்கு 8 அடுக்கு தாராளம்.

‘எங்கள் நிரல் சி ஷார்ப், நினைவகப் பிழை வராது’ என்று சொல்வோர் ரீடரோடு வந்த டிஎல்எல்லை மறந்துவிடுகிறார்கள். பஃபரை ஒதுக்குவது உங்கள் நிரல், நிரப்புவது அந்த டிஎல்எல். இரண்டுக்கும் நீளத்தில் ஒருமை இல்லையென்றால் மேலடுக்கின் மொழி காப்பாற்றாது.

போலிக் கார்டு செய்தல்

விஸ்மார்ட்கார்டு பொதியில் விபிசிடி என்று ஒரு மெய்நிகர் ரீடர் இருக்கிறது. நிறுவியதும் பிசிஎஸ்சிடி அதை உண்மையான ரீடர் என்றே நம்பும். அது டிசிபி 35963 துறையில் காத்திருக்கும். நீங்கள் எழுதும் பைத்தான் நிரல் அங்கே போய் இணைந்தால் அதுதான் கார்டு.

பேசும் முறை எளிது. ஒவ்வொரு செய்தியும் 2 பைட் நீளத்தோடு தொடங்கும், பெரிய பைட் முதலில். நீளம் 1 ஆக இருந்தால் அது கட்டளை: 0 மின்சாரத்தை நிறுத்து, 1 மின்சாரம் கொடு, 2 மீட்டமை, 4 ஏடிஆரைக் கொடு. முதல் மூன்றுக்கும் பதில் அனுப்பக் கூடாது. அனுப்பினால் அடுத்த செய்தி முழுவதும் ஒரு படி தள்ளிப்போய், எங்கே தவறு என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். நான்காவதற்கு ஏடிஆர் அனுப்புங்கள். 3பி 00 என்ற இரண்டு பைட்டே செல்லுபடியாகும் ஏடிஆர். ஆனால் உங்கள் நிரல் ஏடிஆரை வைத்துக் கார்டை அடையாளம் காண்கிறதென்றால், அது எதிர்பார்க்கும் ஏடிஆரையே கொடுங்கள். நீளம் ஒன்றுக்கு மேல் வந்தால் அது ஏபிடியு; விருப்பம்போல் பதில் சொல்லலாம்.

விருப்பம்போல் என்பதில்தான் வேலை இருக்கிறது. முதலில் நல்ல கார்டாக நடந்து நிரல் கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பதிலை மட்டும் கெடுங்கள். வெற்றுப் பதில், 1 பைட் பதில், முழு 258 பைட். ‘இன்னும் தரவு இருக்கிறது’ என்று பொருள்படும் 61 வரிசை நிலைக்குறியைத் திரும்பத் திரும்ப. நிரல் முடிவில்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறதா, இல்லை பதில்களை ஒரே பஃபரில் ஒட்டிக்கொண்டே போகிறதா? ‘நீளம் தவறு, இந்த நீளத்தில் கேள்’ என்னும் 6சி வரிசையையும் அதேபோல் ஓயாமல் அனுப்பிப் பாருங்கள். கோப்பின் அளவு 100 என்று சொல்லிவிட்டு, படிக்கக் கேட்கும்போது 200 பைட் கொடுங்கள். முதல் வாசிப்பில் ஒரு நீளம், இரண்டாம் வாசிப்பில் வேறு நீளம். பதிலை 20 நொடி தாமதியுங்கள். நடுவே இணைப்பை அறுங்கள். கார்டை உருவுவதற்கு அது சமம். சுத்தம் செய்யும் பாதையில் ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிக்கும் பிழைகள் பெரும்பாலும் இப்படி உருவும்போதுதான் வெளிப்படும்.

நினைவகத்தைத் தாண்டியும் பாருங்கள். கார்டில் உள்ள பெயர், முகவரி எல்லாம் உரை. அது நேராகத் தரவுத்தளத்துக்குப் போகிறதா? மேற்குறி உள்ள பெயரைக் கொடுத்துப் பாருங்கள். டி’க்ரூஸ் (D’Cruz) போன்ற பெயர்கள் இங்கே சாதாரணம். அதிலேயே எஸ்கியுஎல் வினவல் உடைகிறதென்றால், வேண்டுமென்றே எழுதிய பெயர் என்னென்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர் பெயர்களில் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இன்னொரு நல்ல சோதனை. படத்தைப் பெயரிட்டுச் சேமிக்கும் நிரல் அந்தச் சாய்கோட்டைக் கோப்புறைப் பிரிப்பாக எடுத்துக்கொண்டால், ‘கோப்பு சேமிக்க முடியவில்லை’ என்ற புகார் முதலில் தமிழ் நோயாளிகளின் பதிவில்தான் வரும். பல இடங்களில் அதை வெறும் இடைஞ்சல் என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு புள்ளியும் சாய்கோடும் கொண்ட பெயர் வந்தால் அதே இடம், கோப்புறையை விட்டு வெளியேறி எழுத வழிவிடும் ஓட்டை. கோப்புப் பெயரைக் கார்டிலிருந்து எடுக்காமல், நீங்களே ஓர் எண் கொடுத்துச் சேமிப்பதுதான் தீர்வு.

மூலநிரல் உங்களிடம் இருந்தால், கிளாங் தொகுப்பியில், பிழை நடந்த கணமே காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசரையும் அன்டிஃபைண்ட் பிஹேவியர் சானிடைசரையும் போட்டுத் தொகுத்த பிறகே இந்தச் சோதனைகளை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பைட் வழிசல் சத்தமில்லாமல் போய்விடும். மூலநிரல் இல்லையென்றால் லினக்ஸில் வால்கிரிண்ட், விண்டோஸில் அப்ளிகேஷன் வெரிஃபையரின் பேஜ் ஹீப்.

ஃபஸ்ஸிங்: இரவெல்லாம் ஓட விட

கையால் கெடுப்பது நீங்கள் நினைத்துப் பார்த்த பிழைகளை மட்டும் பிடிக்கும். மற்றதற்கு, தற்செயலாகக் கெடுத்த உள்ளீடுகளைத் தானே ஓயாமல் கொடுத்துப் பார்க்கும் ஃபஸ்ஸர் வேண்டும்: லிப்ஃபஸ்ஸர் அல்லது ஏஎஃப்எல்++. விபிசிடி வழியாக ஃபஸ்ஸிங் செய்வது மிக மெதுவு. ரீடர் அடுக்கையே எடுத்துவிட்டு, எஸ்கார்டு-டிரான்ஸ்மிட்டுக்குப் பதிலாக உங்கள் செயற்கூறு ஒன்றை இணையுங்கள். உள்ளீட்டுக் கோப்பை 2 பைட் நீளம், அத்தனை பைட் பதில் என்று துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பது அதன் வேலை. முதல் துண்டு ஏடிஆர். கோப்பு தீர்ந்தால் ‘கார்டு இல்லை’ என்ற பிழை. ஓப்பன்எஸ்சியின் சோதனைக் கோப்புறையில் ஃபஸ்ஸிங் என்ற பிரிவு இருக்கிறது. அதில் பிகேசிஎஸ்15 ரீடருக்கான கோப்பு ஏறக்குறைய இதே வடிவம். அதை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் ஓட்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நிரல் நல்லது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஃபஸ்ஸர் வாசலிலேயே நிற்கிறது. நிரலின் எந்த வரிகள் ஓடின என்று காட்டும் கோட் கவரேஜ் அறிக்கையைப் பாருங்கள். ஏடிஆர் பொருந்தாமல் எந்த டிரைவருக்குள்ளும் போகாமல் திரும்பியிருக்கும். ஒவ்வொரு கார்டு வகைக்கும் ஏடிஆரை நிலையாக வைத்துத் தனித்தனியே ஓட்டுங்கள். அல்லது 9000 என்ற வெற்றிக் குறியைத் தற்செயலாக உருவாக்க முடியாமல் தவிக்கும். 9000, 6982, 6ஏ82, 6100, வழக்கமான டிஎல்வி குறிச்சொற்கள் ஆகியவற்றை அகராதிக் கோப்பில் கொடுங்கள். கார்டோடு மறையாக்கிப் பேசும் நிரலென்றால் ஒவ்வொரு பதிலின் சரிபார்ப்புக் குறியும் தோற்றுப்போகும். ஃபஸ்ஸிங் தொகுப்பில் மட்டும் அந்தச் சரிபார்ப்பை நிறுத்திவையுங்கள். அந்த மாற்றம் வெளியீட்டுத் தொகுப்பில் கசியாதபடி தனி மேக்ரோவுக்குள் வைப்பது அவசியம்.

தொடக்க விதைகளாக உண்மையான சோதனைக் கார்டின் உரையாடல்களைப் பதிவு செய்து கொடுத்தால் ஃபஸ்ஸர் பல மணி நேரம் முன்னேறிவிடும். சோதனைக் கார்டு என்பதைக் கவனிக்கவும். ஊழியரின் கார்டுப் பதிவை விதையாகப் போட்டால் அவருடைய விவரம் உங்கள் நிரல் களஞ்சியத்தில் என்றென்றும் தங்கிவிடும்.

நினைவகம் சரி, தர்க்கம் தவறு

எங்கள் கணிப்பில் உள்ளூர் அமைப்புகளில் அதிகம் சேதம் விளைவிப்பது பஃபர் வழிசல் அல்ல, தர்க்கப் பிழை. இதற்குச் சிறப்புக் கருவியும் வேண்டாம்.

யுஐடியை மட்டும் பார்த்துக் கதவு திறக்கும் அமைப்புதான் முதல் குற்றவாளி. யுஐடி ரகசியம் இல்லை. யார் கேட்டாலும் கார்டு சொல்லும். அதை விருப்பம்போல் எழுதக்கூடிய கார்டுகள் சந்தையில் உண்டு. சாவி நகலெடுக்கும் கடைகளில் கொண்டோ அட்டையும் நகலெடுத்துத் தருவது இப்படித்தான். உங்கள் அமைப்பு இந்த வகையா என்று அறிய நகலெடுக்க வேண்டியதில்லை. நிரலையோ பதிவையோ பாருங்கள். யுஐடி கேட்கும் கட்டளைக்குப் பிறகு வேறு எந்த ஏபிடியு-வும் போகாமல் கதவு திறந்தால் அதுதான் விடை. கைப்பேசிகள் பல, 08-ல் தொடங்கும் 4 பைட் தற்செயல் யுஐடியை ஒவ்வொரு முறையும் மாற்றித் தரும். அவற்றைப் பதிவு செய்ய முயன்று ‘ஒரு நாள் வேலை செய்தது, மறுநாள் செய்யவில்லை’ என்ற புகார் வருவதும் இதனால்தான்.

மைஃபேர் கிளாசிக் என்ற பழைய தொடாக் கார்டில் சாவி வைத்திருக்கிறோம் என்பதும் போதாது. அதன் கிரிப்டோ-1 முறைக்குச் சாவி 48 பிட்தான், 2008-லேயே உடைபட்டுவிட்டது. ஃபுடான் நிறுவனத்தின் எஃப்எம்11ஆர்எஃப்08எஸ் என்ற ஒத்த வகைச் சிப்பில் எல்லாக் கார்டுக்கும் பொதுவான பின்வாசல் சாவி ஒன்று இருப்பதை 2024-ல் குவார்க்ஸ்லாப் ஆய்வாளர் வெளியிட்டார். புதிதாக வாங்குவதென்றால் டெஸ்ஃபயர் இவி2 அல்லது இவி3, ஏஇஎஸ்-128, கார்டுக்குக் கார்டு வேறாகும் சாவி. டெஸ்ஃபயர் வாங்கி அதிலும் யுஐடியை மட்டும் படிக்கும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். விலைப்பட்டியலில் கார்டின் பெயரைப் பார்த்துத் திருப்தி அடையாமல், ரீடரில் சாவி ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

சான்றிதழ் கார்டுகளில் இதற்கு இணையான தவறு, சான்றிதழைப் படித்ததும் ஆளை ஏற்றுக்கொள்வது. சான்றிதழ் பொதுத் தரவு. அந்தச் சான்றிதழை மட்டும் போலிக் கார்டில் வைத்து, தனிச்சாவி இல்லாமல் செருகுங்கள். உள்ளே விட்டால் அமைப்பு தோல்வி. கணினி ஒவ்வொரு முறையும் புதிய தற்செயல் எண்ணைக் கொடுத்துக் கார்டைக் கையொப்பமிடச் சொல்ல வேண்டும். பிறகு கையொப்பம், சான்றிதழ்ச் சங்கிலி, காலாவதி, ரத்துப் பட்டியல் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ரத்துப் பட்டியல் கிடைக்காவிட்டால் என்ன ஆகிறது என்பதை இணையக் கம்பியைக் கழற்றிச் சோதியுங்கள். பல நிரல்கள் ‘கிடைக்கவில்லையா, பரவாயில்லை’ என்று விட்டுவிடும்.

இடைத்தரகர் சோதனையும் செய்யத்தக்கது. விஸ்மார்ட்கார்டின் போலிக் கார்டு நிரலில் ரிலே என்று ஒரு வகை இருக்கிறது. அது உண்மையான கார்டுக்கும் உங்கள் நிரலுக்கும் நடுவில் நின்று ஏபிடியு-க்களைக் கடத்தும். பின் எண் சரிபார்க்கும் கட்டளை வரும்போது மட்டும் அதைக் கார்டுக்கு அனுப்பாமல், நீங்களே 9000 என்று பதில் சொல்லும்படி இரண்டு வரி மாற்றுங்கள். எந்தப் பின் எண்ணைத் தட்டினாலும் உள்ளே விடுகிறதா? 2010-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சிப் அண்ட் பின் வங்கிக் கார்டுகளில் காட்டியது இதே தந்திரம்தான். 9000 என்ற பதிலுக்குக் கையொப்பம் கிடையாது. யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பின் எண் தெரிந்தால் மட்டுமே பயன்படும்படி கார்டுக்குள் பூட்டிய சாவியின் கையொப்பத்தைக் கேட்டால்தான் அந்தப் பதிலுக்கு அர்த்தம் வரும்.

கடைசியாக, சரிபார்த்த நிலை ஒட்டிக்கொள்வது. பகிர்ந்த முறையில் கார்டைத் திறந்தால், ஒரு நிரல் பின் எண் கொடுத்தபின் அதே கணினியின் மற்ற நிரல்களும் சாவியைப் பயன்படுத்தலாம். முடித்ததும் ‘கார்டை அப்படியே விடு’ என்று இணைப்பை மூடினால் அந்த நிலை தொடரும். ‘மீட்டமை’ என்று மூடுங்கள். ஓப்பன்எஸ்சியில் ஒரு நிரல் பின் எண் கொடுத்திருந்தால், இன்னொரு நிரல் வெற்றுப் பின்னோடு சாவியைப் பயன்படுத்த முடிந்த ஓட்டை (சிவிஇ-2023-40660) 0.24.0-ல் அடைக்கப்பட்டது. உங்கள் நிரலிலும் சுழி நீளப் பின்னைக் கொடுத்துப் பாருங்கள். இதைச் சரிசெய்ய, கார்டை மற்ற நிரல்கள் தொடாதபடி பிடித்துவைக்கும் நீண்ட பரிவர்த்தனைக்குள் எல்லாவற்றையும் அடைத்தால் வேறு தொல்லை வரும்: விண்டோஸ் 8 முதல், பரிவர்த்தனை திறந்திருந்து 5 நொடிக்கு மேல் கார்டிடம் பேச்சில்லை என்றால் கணினியே கார்டை மீட்டமைத்துவிடும். பயனர் பின் எண்ணைத் தட்டி முடித்த பிறகு பரிவர்த்தனையைத் தொடங்குங்கள், தட்டும் முன்பு அல்ல.

கார்டுக்குள் ஓடும் ஆப்லெட் உங்களுடையது என்றால்

ஜாவா கார்டு ஆப்லெட் எழுதுவோர் பின் எண்ணைத் தாங்களே பைட் வரிசையில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஓனர்பின் வகுப்பு, ஒப்பிடும் முன்பே முயற்சி எண்ணிக்கையைக் குறைக்கும். தவறு என்று தெரிந்த கணத்தில் கார்டை உருவி எண்ணிக்கையைக் காப்பாற்றும் வித்தை அதனிடம் பலிக்காது. பைட் குறியுள்ள எண் என்பதால், கட்டளையில் வரும் பி1 பைட்டின் மதிப்பை 255-ஓடு ஆண்ட் செய்யாமல் குறியீட்டெண்ணாகப் பயன்படுத்தினால் 128 முதல் எதிர்மம் ஆகும். உற்பத்திக்கு அனுப்பும் முன், 40 தொடங்கி வரிசையாகப் போகும் 16 பைட் இயல்புநிலை நிர்வாகச் சாவியை மாற்றியாயிற்றா என்று பாருங்கள். மாற்றாவிட்டால் எவரும் உங்கள் ஆப்லெட்டை நீக்கி வேறொன்றை ஏற்றலாம். பிழை எவ்வளவு சிறிதாக இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: யுபிகீ நியோவின் ஓப்பன்பிஜிபி ஆப்லெட்டில், பின் எண் சரிபார்க்காமலே கையொப்பமிட வைத்த ஓட்டை (சிவிஇ-2015-3298) ஓர் எழுத்துப்பிழையால் வந்தது. 1.0.10 பதிப்பு அதைத் திருத்தியது.

சாவியின் தரத்தையும் ஒரு முறை பாருங்கள். 2017 அக்டோபரில் வெளியான ரோக்கா ஓட்டை (சிவிஇ-2017-15361) இன்ஃபினியான் நூலகம் கார்டுக்குள் உருவாக்கிய ஆர்எஸ்ஏ சாவிகளைப் பாதித்தது. எஸ்டோனியா ஏறத்தாழ 7,50,000 அடையாளக் கார்டுகளின் சான்றிதழ்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. 1024 பிட் சாவியை உடைக்க அதிகபட்சம் 97 சிபியு நாள் போதும் என்று கண்டுபிடித்தவர்கள் கணித்தார்கள். பழைய கார்டுகள் இன்னும் இழுப்பறையில் இருந்தால், பொதுச்சாவியை மட்டும் எடுத்து ரோக்கா டிடெக்ட் கருவியில் போடுங்கள். ஒரு நொடியில் விடை. பாதித்த கார்டு என்றால் வெளியே உருவாக்கிய சாவியை ஏற்றுவது தற்காலிகத் தீர்வு, கார்டை மாற்றுவது முழுத் தீர்வு.

ஓட்டை கிடைத்த பிறகும், கிடைக்காதபோதும்

தாக்கக்கூடிய பரப்பைக் குறைப்பது எல்லாரும் இன்றே செய்யக்கூடியது. ஓப்பன்எஸ்சி டஜன்கணக்கான கார்டு வகைகளுக்கு டிரைவர் வைத்திருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் பிஐவி மட்டும்தான் என்றால், அமைப்புக் கோப்பின் கார்டு டிரைவர்ஸ் வரியில் அதை மட்டும் எழுதுங்கள். யாரோ ஒருவர் வேறு நாட்டு அடையாளக் கார்டு போல் நடிக்கும் கார்டைச் செருகினாலும் அந்தப் பழைய டிரைவர் விழிக்காது. விண்டோஸில் புதிய கார்டு செருகியதும் அதற்கான டிரைவரைத் தானே தேடி நிறுவும் வசதியைக் குழுக் கொள்கையில் அணையுங்கள். கார்டு லாகின் தேவைப்படாத கணினிகளில் அதை நீக்கிவிடுங்கள்.

பிறர் நிரலில் ஓட்டை கண்டால் முதலில் அதை எழுதியவர்களுக்கு, பதில் வராவிட்டால் மலேசியாவின் கணினி அவசர உதவிக் குழுவான மைசெர்ட்டின் சைபர்999 வழியாகச் சொல்லுங்கள். அறிக்கையில் நிரலின் பதிப்பு, இயங்குதளம், ரீடரின் பெயர், நிரலை விழச் செய்த மிகச் சிறிய உள்ளீட்டுக் கோப்பு, சானிடைசர் கொடுத்த தடம் ஆகியவை இருந்தால் போதும். உண்மையான ஏபிடியு பதிவை இணைக்கும் முன் 00 20 என்று தொடங்கும் வரிகளைத் தேடி அழியுங்கள். அவை பின் எண் சரிபார்க்கும் கட்டளைகள். 1, 2, 3 என்ற இலக்கங்கள் அங்கே 31, 32, 33 என்ற பைட்டுகளாக, யாரும் படிக்கும்படி கிடக்கும்.